குண்டும் இறகும் அரை வேலையும்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று மூன்று தடவை விழவிட்டோம். மூன்றும் ஒழுங்காக விழுந்தன. விழத் தெரியாத பொருள் எதையும் இந்தக் கோபுரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒருநாள் வேலையை எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நூறு மீட்டருக்கு மேல் உயரமான இரும்புக் குழாய். அதிலிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள இரண்டு மணி நேரம். உச்சியிலிருந்து பெட்டி கீழே வர ஐந்து வினாடிகூட ஆகாது. அடியில் ஒரு பெரிய தொட்டி நிறைய தெர்மாகோல் மணிகள், பெட்டி அதில் புதையும். பிறகு குழாய்க்குள் காற்றைத் திரும்ப விட்டு, பெட்டியைத் தோண்டியெடுத்து, முனைவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் “அற்புதம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் காதுக்குள்ளிருந்து தெர்மாகோல் பொறுக்குவேன்.

காலையில் வாசலில் அட்டையைக் காட்டியபோது சின்னத் திரையில் வழக்கமான வரி வந்தது: ‘ரெங்கே புல்ட்மன். மார்ச் 31 வரை செல்லும்.’ தயிர் டப்பாவுக்குத்தான் இப்படித் தேதி போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இது என் நான்காவது ஒப்பந்தம். ஐந்தாவது உண்டா என்று கேட்டால் யாரும் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

ஜனவரி 16, வியாழன்

பேராசிரியர் வெசல்ஸ் எல்லோரையும் கூப்பிட்டார். அவர்தான் கோபுரத்துக்குத் தலைவர். பிப்ரவரியில் செனட்டர் டோலே வருகிறாராம். பிரேமன் நகர அரசின் அறிவியல் பணம் அந்த அம்மாள் கையில்தான் இருக்கிறது.

“அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா ஒரு நிரந்தர இடம் கேக்கலாம்” என்றார் வெசல்ஸ்.

“ஒரு இடமா?” என்று கேட்டேன். “மார்ச் கடைசியில ரெண்டு பேர் போறோம்.”

“திரு புல்ட்மன், முதல்ல செனட்டருக்குப் பிடிக்கட்டும்.”

அந்த இரண்டாவது ஆள் இம்கே. முனைவர் இம்கே ஓல்ட்மன்ஸ். ஊரில் அப்பா பல் மருத்துவர். வேலை போனால் அவள் வீட்டுக்குப் போவாள், அங்கே பியானோ இருக்கும். என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எங்கள் வீட்டில் இருந்தது அவருடைய முதுகுவலி மட்டும்தான். அவளும் என்னைப் போலத் தவணை ஆள்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் எரிகிறது.

செனட்டருக்கு என்ன காட்டுவது? ஒரு இரும்புக் குண்டும் ஒரு இறகும். காற்றில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாக விழும் என்று காட்ட வேண்டும். பொறுப்பு நானும் இம்கேயும்.

ஜனவரி 25, சனி

கோபுரத்து ஆட்களின் வருடாந்திர கீரைக்கோஸ் நடை. இழுவண்டியில் சாராயம். எலும்புக்குள் இறங்கும் குளிர். சாலையில் இரும்புக் குண்டை உருட்டிப் போட்டி போட்டுக்கொண்டே விடுதி வரை நடந்து, அங்கே கீரைக்கோஸும் கொழுப்புத் தொத்திறைச்சியும் மூச்சு முட்டத் தின்பது. அறிவாளிகள் கூட்டம்தான் இது, சந்தேகம் வேண்டாம்.

நான் உருட்டிய குண்டு வாய்க்காலில் விழுந்தது. பம்பு பார்க்கும் கெர்ட் முழங்கால் வரை இறங்கி எடுத்தார். ஊழியர் குழுவில் எங்கள் பிரதிநிதியும் அவர்தான். இதுவரை அவர் நடத்திய போராட்டம் ஒன்றே ஒன்று, காபி இயந்திரத்துக்காக.

“இந்தக் குண்டையே செனட்டருக்குப் போடு. விழுந்து பழகினது” என்றார்.

பிறகு விடுதியில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: “ஏய், மார்ச் ஏழுல இவனுக்கு முப்பது. கல்யாணம் ஆகல. அப்ப என்ன?”

“படி கூட்டணும்!” என்று மேஜையைத் தட்டினார்கள்.

கூட்ட மாட்டேன் என்றேன். இந்த ஊர் வழக்கப்படி முப்பது வயதில் மனைவி இல்லாதவன் பேராலயப் படிகளில் கந்தல் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு குப்பை கூட்ட வேண்டும், ஒரு பெண் வந்து முத்தம் கொடுக்கும் வரை. நிரந்தர வேலை இல்லாதவனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? ஒப்பந்தத்தைத் தவணை முறையில் கொடுப்பவனை முதலில் கூட்டச் சொல்லுங்கள் என்றேன்.

“பேச்சு நல்லா இருக்கு. துடைப்பம் நான் கொண்டாரேன்” என்றார் கெர்ட்.

பிப்ரவரி 3, திங்கள்

இறகு வாங்க வேண்டும். கொள்முதல் பிரிவில் கேட்டேன். மூன்று கடையிலிருந்து விலைப்புள்ளி வாங்கி வா என்கிறார்கள். ஒரு இறகுக்கு!

“பூங்காவுல வாத்து இருக்கே?” என்றேன்.

“வாத்து விலைப்புள்ளி தருமா, திரு புல்ட்மன்?”

மாலையில் இம்கே தன் தலையணையைக் கொண்டுவந்தாள். ஒரு ஓரத்தைப் பிரித்து உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். முனைவர் பட்டம் வாங்கியவள், மேஜை முழுக்க வாத்து இறகு, மூக்கில் ஒன்று ஒட்டியிருந்தது. சொல்லவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன்.

“உங்க வீட்டுல பியானோ இருக்கா?” என்று கேட்டேன்.

“வித்துட்டோம். ஏன்?”

“சும்மாதான்.”

பிப்ரவரி 11, செவ்வாய்

ஒத்திகை. ஒரு திறந்த சட்டத்தில் குண்டையும் இறகையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துவைத்தோம். சட்டம் விழத் தொடங்கும்போதே பிடி விட்டுவிடும். கேமராவை எங்கே பொருத்துவது? சட்டத்தின் மேலேயே, கிட்டத்தில் என்று நான் சொன்னேன். இம்கே உடனே சரி என்றாள். எங்களுக்குள் முதல் ஒற்றுமை.

காற்றை உறிஞ்சினோம். விட்டோம். பதிவை ஓட்டிப் பார்த்தோம்.

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் இதை என்னவென்று சொல்வது? வாய்க்காலில் விழுந்து எழுந்த அந்த இரும்புக் குண்டும் தலையணையிலிருந்து வந்த அந்த இறகும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நின்றன. இறகின் நுனிகூட நடுங்கவில்லை. அங்கே கனமானது, லேசானது என்ற பேச்சே இல்லை. குண்டுக்கு முதல் மரியாதை கிடையாது, இறகை யாரும் பின்னால் தள்ளுவதும் கிடையாது.

இந்த நாட்டில் சமத்துவம் இருக்கும் ஒரே இடம் ஒரு குழாய். அதுவும் ஐந்து வினாடி. அதற்கே இரண்டு மணி நேரம் பம்பு ஓட வேண்டும்.

இம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தூசி” என்றாள். குழாயில் தூசி ஏது!

பிப்ரவரி 18, செவ்வாய்

நாசமாய்ப் போச்சு.

செனட்டர் டோலே வந்தார். ஐம்பது தாண்டிய வயது, குட்டை முடி, கையில் வெண்ணெய் ரொட்டி. வழியில் சாப்பிட நேரமில்லையாம். எனக்கு உடனே பிடித்துவிட்டது, அதுதான் இன்னும் வேதனை.

குழாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாது, திரையில்தான் பார்க்க வேண்டும். எல்லோரும் நின்றோம். கெர்ட் எண்ணினார். விட்டோம். திரையில் குண்டும் இறகும் அழகாக நின்றன. ஐந்து வினாடி. பிறகு ஒரு குலுக்கல், திரை முழுக்க வெள்ளை மணிகள். வெசல்ஸ் கைதட்டினார்.

செனட்டர் ரொட்டியை மென்றுகொண்டே காத்திருந்தார். “சரி. எப்ப விழும்?”

“விழுந்துருச்சு, மேடம்” என்றார் வெசல்ஸ்.

“எது? ரெண்டும் சும்மா நின்னுட்டுல்ல இருந்துச்சு? கடைசியில பனி பெஞ்சுது.”

அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. கேமரா சட்டத்தோடு சேர்ந்து விழுகிறது. அது எதை விழுவதாகக் காட்டும்? நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காக இந்தப் படங்களையே பார்த்துப் பார்த்து, பொருள் விழும் என்பதையே மறந்துவிட்டோம்! கீழே ஒரு கேமரா வைத்திருந்தால் போதும். பத்துப் பேர் கூடியிருந்த இடத்தில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. யோசனை சொன்ன மேதை நான்.

இம்கே விளக்க ஆரம்பித்தாள். சார்புச் சட்டகம் என்ற சொல் வந்ததும் செனட்டரின் உதவியாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நான் குறுக்கே விழுந்தேன்: “ரெண்டும் மணிக்கு நூத்தி அறுபது கிலோமீட்டர் வேகத்துல வந்து மோதுதுங்க! இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

வெசல்ஸ் என் காலை மிதித்தார். பாதுகாப்புக் காலணி, வலிக்கவில்லை.

“நன்றி, எல்லாம் ரொம்ப... அமைதியா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் செனட்டர்.

பிப்ரவரி 19, புதன்

வெசல்ஸ் என்னிடம் பேசவில்லை. கெர்ட் மட்டும் பேசினார்: “படி கூட்டறதுக்குப் பயிற்சி எடு. இனிமே அதுதான் தொழில்.”

மார்ச் 7, வெள்ளி

முப்பது.

வர மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். கெர்ட் வீட்டுக்கே வந்து தொப்பியைத் தலையில் வைத்து வண்டியில் ஏற்றினார். பேராலயப் படியில் கோபுரமே நின்றது. வெசல்ஸ்கூட, கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு. ஒருவன் கைச்சுற்று இசைப்பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

வழக்கமாகப் படியில் பாட்டில் மூடிகளைக் கொட்டுவார்கள். கெர்ட் நான்கு பெரிய மூட்டைகளை இறக்கினார். எங்கள் தொட்டியில் உடைந்து கழிக்கப்பட்ட தெர்மாகோல் மணிகள்.

“கெர்ட், வேணாம். காத்து அடிக்குது.”

“அடிக்கட்டும். நம்ம சரக்குதானே, நாம சொன்னா கேக்கும்.”

இருபது வருடம் காற்றில்லாத குழாயோடு வாழ்ந்தவர் சொல்கிற பேச்சு! எங்கள் தொட்டியில் இந்த மணிகள் போட்ட இடத்தில் கிடக்கும். கெர்ட் மூட்டையை அவிழ்த்த நொடியில் மார்ச் மாதக் காற்று வெசர் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு வீச்சு வீசியது. அவ்வளவுதான். படியில் விழுந்தவை பத்தில் ஒன்று இருக்கும். மீதியெல்லாம் எழுந்து, சந்தைச் சதுக்கத்தைக் கடந்து, தொத்திறைச்சிக் கடையின் சட்டிக்குள், சுற்றுலாக்காரர்களின் காபிக்குள், குழந்தை வண்டிகளுக்குள், நகர மண்டபத்து வாசலுக்குள் போயின. நான் துடைப்பத்தோடு பின்னால் ஓடினேன். கூட்டக் கூட்டப் பறந்தது. பெருக்கினால் மேலே போயிற்று. மேலே போனது என் வாய்க்குள் வந்தது. கோட்டின் பின்பக்கம் வேறு கிழிந்துவிட்டது. மொத்தச் சதுக்கமும் சிரித்தது. இசைப்பெட்டிக்காரன் வேகத்தைக் கூட்டினான்.

அப்போது நகர மண்டபத்திலிருந்து ஒரு அம்மாள் தலை முழுக்க வெள்ளையாக வெளியே வந்தார். செனட்டர் டோலே. நேராகப் படிக்கு வந்தார்.

“இது எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்குத் திரையில பெஞ்ச பனிதானே இது?”

வெசல்ஸ் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

“ஆமாங்க” என்றேன். தலையில் உயரத் தொப்பி, பின்னால் கிழிந்த கோட்டு, மூன்று வாரத்தில் போகப்போகிற வேலை. இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும்?

“அங்க மட்டும் இது பறக்கலியே, ஏன்?”

“அங்க காத்து இல்லீங்க. குறுக்க நிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. குண்டு, இறகு, இந்த மணி, எல்லாம் ஒண்ணாத்தான் விழும். இங்க பாருங்க.” கெர்ட்டின் சாவிக்கொத்தைப் பிடுங்கி, இன்னொரு கையில் ஒரு மணியை வைத்து, இரண்டையும் விட்டேன். சாவி படியில் ணங்கென்று விழுந்தது. மணி செனட்டரின் கண்ணாடியில் போய் ஒட்டியது.

அவர் அதை எடுத்துப் பார்த்தார். “சரி, இது புரியுது. ஆனா அன்னிக்கு ரெண்டும் நின்னுச்சே!”

“பாத்துக்கிட்டிருந்த கேமராவும் கூடவே விழுந்துச்சு. எல்லாரும் ஒண்ணா விழுந்தா விழறது யாருக்கும் தெரியாதுங்க. நாங்க தவணை ஆளுங்க வருஷக்கணக்கா அப்படித்தான் விழுறோம். பாக்கறவங்களுக்கு நிக்கிற மாதிரி இருக்கும்.”

செனட்டர் கையிலிருந்த மணியை விரலால் உருட்டினார். பின்னாலிருந்து தொத்திறைச்சிக் கடைக்காரன், “ஏய் தொப்பி! என் சட்டியை எவன்டா கழுவுறது?” என்று கத்தினான்.

“முதல்ல இதை நிறுத்துங்க” என்றார் செனட்டர். “எப்படி நிறுத்தறது?”

“யாராவது முத்தம் குடுத்தாத்தான் இவன் கூட்டறதை நிறுத்தலாம்” என்றார் கெர்ட், சட்டம் படிப்பது போல.

“அப்ப யாராவது குடுங்களேன்! நகரமே நாறுது!”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. இம்கே கையில் குப்பைப்பையோடு படியேறி வந்தாள். “அரசாங்க உத்தரவு” என்றாள். கொடுத்தாள்.

இருவர் உதட்டிலும் தெர்மாகோல் இருந்தது. அவ்வளவு எழுதினால் போதும்.

பிறகு எல்லோரும் மண்டியிட்டு மணி பொறுக்கினோம். தூணுக்குப் பின்னாலிருந்து வெசல்ஸையும் இழுத்துவந்தார்கள். பேராசிரியர், முனைவர்கள், பம்புக்காரர், நான், எல்லோரும் ஒரே மட்டத்தில், பிருஷ்டம் வானத்தைப் பார்க்க. இதற்குப் பம்புகூடத் தேவைப்படவில்லை.

மார்ச் 8, சனி

காதில் இன்னும் ஒன்று இருக்கிறது. தொட்டால் உள்ளே போகிறது. இம்கே இடுக்கி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

வெசல்ஸ் கூப்பிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் விழுவதைக் காட்ட செனட்டர் பணம் ஒதுக்கியிருக்கிறாராம். கீழே கேமரா வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு இடம். நிரந்தரம்.

“படியில பேசின அந்தத் துடைப்பக்காரன் இருந்தா நல்லதுன்னாங்க. முத்தம் குடுத்த பொண்ணும் நல்லா விளக்கினாளாம், மணி பொறுக்கும்போது. யாருன்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கங்க.”

பேசி முடிவு பண்ணுவதா! இரண்டு பேரைப் பட்டினி போட்டு, ஒரு ரொட்டியை நடுவில் வைத்து, நாகரிகமாகப் பேசிக்கொள்ளுங்கள் என்கிறான் இந்த ஆள். தலைவர் என்று அவனுக்குச் சம்பளம் எதற்குத் தருகிறார்கள்? முடிவெடுப்பதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவதற்கா?

மார்ச் 21, வெள்ளி

“நீயே எடுத்துக்க” என்றேன் இம்கேயிடம். பொய். எனக்கு வேண்டும். வாயைத் திறந்ததும் அது வந்துவிட்டது.

“எதுக்கு? முத்தத்துக்குக் கூலியா?”

“ஐயோ, நான் அப்படிச் சொன்னேனா?”

“தியாகி மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்காத ரெங்கே. உனக்கு வேணும். எனக்கும் வேணும். எங்கப்பா கிளினிக்கை மூடி வருஷம் ரெண்டாச்சு, தெரியுமா? பியானோ எதுக்கு வித்தோம்னு நெனச்ச?”

தெரியாது. கேட்டதே இல்லை. சும்மாதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தவன் நான்.

“காசு சுண்டிப் பாக்கலாமா?” என்றேன்.

“விழுறதை நம்பி நாம பட்டது போதாதா?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மார்ச் 26, புதன்

கெர்ட் விதிப்புத்தகத்தோடு வந்தார். காபி இயந்திரத்துக்குப் பிறகு அவர் அதைத் திறப்பது இதுதான் முதல் தடவை.

“நிரந்தர இடத்தை ரெண்டாப் பிளக்கலாம். அரை அரை. நிர்வாகம் மறுக்க முடியாது. நான் ஏற்கெனவே வெசல்ஸ்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன்.”

“எப்படிக் கையெழுத்துப் போட்டார்?”

“தூணுக்குப் பின்னாடி நின்ன போட்டோ ஒண்ணு எங்கிட்ட இருக்கு.”

அரை வேலை. அரைச் சம்பளம். வாடகை மட்டும் முழு வாடகை. இதற்குக் கொண்டாடுவதா, கத்துவதா? கத்தினேன். முழு வேலையை முழுசாகக் கொடுக்க வக்கில்லாத நாடு, ஒன்றைப் பிளந்து இரண்டு பேரை நன்றி சொல்லவைக்கிறது. கெர்ட் காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றார்.

இம்கே காகிதத்தைப் படித்துக்கொண்டே சொன்னாள்: “பாதி எடையும் முழு எடையும் ஒரே வேகத்துலதான் விழும், ரெங்கே.”

“இது ஆறுதலா?”

“இல்ல. இயற்பியல். சேந்து மேல ஏறுறதைப் பத்தி அப்புறம் பேசலாம். கெர்ட் அந்தப் புத்தகத்தை இன்னும் பாதிதான் படிச்சிருக்கார்.”

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 31, திங்கள்

புது அட்டை இன்னும் வரவில்லை. பழையதில் எல்லாம் மாறிவிடும் என்கிறார்கள். நம்பவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினத்தில் வேலை தொடங்க வைத்தவன் வேண்டுமென்றேதான் வைத்திருப்பான்.

காலையில் அட்டையை நீட்டக் கை வரவில்லை. பின்னால் கெர்ட், “மொய்ன்!” என்று வணக்கம் சொல்லி, “கதவு கடிக்காது, நீட்டு” என்றார். நீட்டினேன். பச்சை விளக்கு. திரையில் என் பெயர். பெயருக்குப் பிறகு தேதி வரும் இடம் காலியாக இருந்தது. இன்னொரு தடவை காட்டினேன். மூன்றாம் தடவைக்கு கெர்ட் என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

முற்பகல் எனக்கு, பிற்பகல் அவளுக்கு. கீழே புதுக் கேமராவைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி, குண்டையும் இறகையும் விட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு கோடு, பிறகு பனி. கண் சிமிட்டினால் போச்சு. அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு விழுந்தது தெரியும்.

பன்னிரண்டு மணிக்கு வாசலுக்குப் போனேன். இம்கே வெளியே அட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பச்சை. கதவு திறந்தது. என் நேரம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

போகவில்லை. இரண்டு ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.